சேதுக்கரையில் இரண்டு மணி நேரம்

ஆதிரா திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் ஏழு வருடமாக மற்றவர்களுக்குக் கோயில் பயணம் போட்டுக் கொடுத்து வந்தாள். எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள், எங்கே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், எந்த ஊரில் வயதானவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் போட்ட வழிகளில் பாதியை அவளே பார்த்ததில்லை. அதனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் மாமியார் சரஸ்வதியம்மாள், "ஓணம் லீவுக்கு எல்லாருமா ராமேஸ்வரம் போயிட்டு வருவோம் மக்கா. நீயே ஒரு பிளான் போடு" என்று சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து போட்டாள். ஐந்து நாள். முதல் நாள் கரமனை வீட்டிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பி சுசீந்திரம், கன்னியாகுமரி. இரண்டாம் நாள் கடலோரமாகவே உவரி, திருச்செந்தூர். மூன்றாம் நாள் தூத்துக்குடி தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமேஸ்வரம். நான்காம் நாள் கோயிலும் தனுஷ்கோடியும். ஐந்தாம் நாள், கடலுக்குள் ஒன்பது கற்கள் நவக்கிரகமாக நிற்கும் தேவிபட்டினத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. கோயிலுக்குக் கோயில் ஓடாமல், ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு மணி நேரமாவது கடற்கரையில் சும்மா உட்கார இடம் விட்டிருந்தாள். கணவன் பத்மகுமாரோடு அப்படி உட்கார்ந்து பேச வேண்டியது நிறைய இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. தை மாதத்தில் இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாமல் ஒரு கிளினிக்குக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள். குறை பத்மகுமாரிடம் இருந்தது. மருந்தால் சரியாகிற குறை இல்லை என்று டாக்டர் சொன்னார். வேறு வழிகள் இருக்கின்றன, யோசித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். பத்மகுமார் காரை நேராகச் சங்குமுகம் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதான்.

"ஆரட்டயும் சொல்லாத ஆதிரா. அப்பா அம்மைட்ட நானே சொல்லுதேன். கொஞ்சம் டைம் மட்டும் தா."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்து கொடுத்தாள். ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்ட பிறகு எல்லோரும் பிளானைப் பார்க்க உட்கார்ந்தார்கள். மாமனார் தாணுலிங்கத்துக்குச் சாலை பஜாரில் இரும்புக் கடை. அன்று கடை இல்லாததால் பேப்பரோடு நாற்காலியில் இருந்தார். ஊர் ஓரத்தில் கழக்கூட்டத்தில் இருக்கும் நாத்தனார் அஞ்சு வந்திருந்தாள். ஆதிரா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"தனுஷ்கோடி சூப்பர் ஆயிருக்கும் அல்லே மைனி?" என்றாள் அஞ்சு. "ரெண்டு பக்கமும் கடலு. நல்ல போட்டோ கிட்டும்."

சரஸ்வதியம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு இடுப்பிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"நல்லா போட்டிருக்க மக்கா. இதையும் இதுல சேத்துக்க. நானும் அஞ்சுவும் வெள்ளிக்கிழமை ஸ்ரீகண்டன் ஜோசியரப் பாத்துப் பிரஸ்னம் வச்சோம்."

அஞ்சு சட்டென்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"சர்ப்ப தோஷமாம். ஒனக்க அம்மைக்க குடும்பத்துல ஆரோ பண்டு நாகர் இருந்த சர்ப்பக்காவு மரத்த வெட்டி வீடு வச்சிருக்காவ. அந்தச் சாபம் பொம்பள வழியா எறங்கி வருதாம். அதான் புள்ள தங்க மாட்டேங்கு. பரிகாரம் இருக்கு, பயப்படாண்டாம்." அவள் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். "உவரில நீ ஈரத் துணியோட கடல் மண்ணு பதினோரு பெட்டி சொமந்து தட்டணும். மூணாம் நாள் சேதுக்கரைல கடல் குளி. பெறவு பக்கத்துல திருப்புல்லாணில நாகப் பிரதிஷ்டை. அஞ்சு நாளும் ஒரு நேரந்தான் சாப்பாடு. சேதுக்கரைக்கு ஒனக்க அம்மையும் வரணும். குடும்பத்துக்கு வேண்டி அவொதான் கடல்ல நின்னு மாப்பு கேக்கணுமாம். வடசேரி நாம போற வழிதானே, ஏத்திக்கிடலாம். நான் சொர்ணத்துட்ட போன்ல பேசியாச்சு. அவொ ஒடனே சம்மதிச்சா, பாவம்."

பிறகு அதே குரலில், "ஒனக்குத் தேதி எப்பம் வரும்? அதப் பாத்துதான் வண்டி சொல்லணும்" என்றாள். தாணுலிங்கம் பேப்பரைத் திருப்பி முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

ஆதிரா பத்மகுமாரைப் பார்த்தாள். அவன் திரையில் இருந்த பிளானைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். "அவளுக்க அம்மை எதுக்கு" என்று மட்டும் சொன்னால்கூடப் போதும்.

"சேதுக்கரை இதுல இல்லல்லா," என்றான் அவன். "மூணாம் நாள்ல ரெண்டு மணிக்கூர் கூட்டிப் போடு ஆதிரா."

அவள் கூட்டிப் போட்டாள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள். "எப்பம் சொல்லப் போறிய?"

"பயணம் கழியட்டும். அம்மை இவ்வளவு ஆசையா இருக்கும்போது எப்படிச் சொல்லுவேன்?"

"நான் மண்ணு சொமக்கதுல ஒண்ணும் இல்ல. எங்க அம்மை எதுக்குக் கும்பிட்டு நிக்கணும்? முட்டு வேதனைல பஸ்ல ஏற முடியாது அவளுக்கு."

"ஒரு முங்குதானே ஆதிரா. புண்ணியமான எடம். யாரும் அடிக்கல்லல்லா."

"அப்பம் நீங்க முங்குங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சொர்ணம்மாள், ஆதிராவின் அம்மா, நாகர்கோவில் வடசேரியில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு ஒற்றைப் பெண்ணைப் படிக்க வைத்துத் திருவனந்தபுரத்தில் கட்டிக் கொடுத்ததை ஒரு பெரிய காரியமாக நினைத்திருந்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற சுபாவம்.

அந்த வாரம் முழுக்க ஆதிரா காத்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சரஸ்வதியம்மாள் வழக்கம்போல் சாயா போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுக்களையிலேயே எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ மனசு கெட்டுப் போயிருக்கன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் இருக்கும்போது தேதி கேட்டது தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. குமார் எங்கிட்ட அன்னைக்கே எல்லாம் சொல்லியாச்சு. நீ இனி மறைக்காண்டாம்."

ஆதிராவுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. சொல்லிவிட்டானா? "என்ன சொன்னாவ அத்தை?"

"ஒனக்குக் கர்ப்பப்பைல கொறவு இருக்குன்னு டாக்டர் சொன்னத. நீ ஒடஞ்சு போவ, ஒண்ணும் கேக்காண்டாம்னு என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கினான். ஆறு மாசமாச்சு, நான் வாயத் தெறந்தேனா? அஞ்சுட்டகூட ஒரு வார்த்தை குத்தலாப் பேசக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். வேற வீடா இருந்தா இந்நேரம் என்னெல்லாம் நடந்திருக்கும்."

அது உண்மை. அந்த ஆறு மாதத்தில் சரஸ்வதியம்மாள் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. தினமும் சாயா போட்டுக் கொடுத்தாள். தெருவில் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிடாமல் தானே போய்விட்டு வந்தாள். மாமியார் மனம் மாறிவிட்டது என்று ஆதிரா நினைத்திருந்தாள். அது முழுக்க ஒரு நோயாளிக்குக் காட்டிய இரக்கம் என்று இப்போது தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பொய்யை அதைச் சொன்னவனே தன் வாயால் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. பாதிச் சாயாவைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலையில் அவன் ஸ்கூட்டரில் அவளைத் தம்பானூருக்குக் கொண்டுபோனான். கிள்ளிப்பாலம் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டாள்.

"அம்மைட்ட என்ன சொல்லி வச்சிருக்கிய?"

ஹெல்மெட் திரும்பவில்லை. "அன்னைக்கு விடாம கேட்டா. வாயில வந்து போச்சு" என்றான்.

"வாயில வந்தது எம் பேரா?"

"ஒன்ன ஆரும் ஒண்ணும் சொல்லல்லல்லா. என் காரியம் அப்படியா? கடைல, தெருவுல, அப்பாக்க முன்னால... நான் ஆம்பள ஆதிரா. நீ கொஞ்சம் மனசிலாக்கணும்."

பச்சை விழுந்தது. அலுவலக வாசலில் இறக்கிவிட்டுப் போகும்போது, "சேதுக்கரைல புரோகிதருக்கு போன் பண்ணி வச்சிரு" என்று நினைவூட்டிவிட்டுப் போனான்.

மதியம் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தை மாதத்திலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. அம்மா கோபப்படுவாள், தனக்காக ஒரு சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தாள்.

சொர்ணம்மாள், "இத நீ வேற ஆரட்டயாம் சொன்னியா?" என்றாள்.

"இல்ல."

"சொல்லாத மக்கா. ஆம்பளைக்கு இது வெளிய தெரிஞ்சா பின்ன தல நிமுர முடியாது. அவன் ஒன்ன நல்லாத்தானே வச்சிருக்கான். குடிக்கல, அடிக்கல. நான் ஒரு முங்கு முங்கினா என்ன கொறஞ்சு போவேன்?"

"செய்யாத தப்புக்கா?"

"செஞ்ச தப்புக்கு மட்டுமா மக்கா நான் இதுவரைக்கும் கும்பிட்டிருக்கேன்?"

"நீ போகக் கூடாது. நானும் போக மாட்டேன். சொல்லிட்டேன் அம்மா."

"சரி" என்றாள் சொர்ணம்மாள். எதைக் கேட்டாலும் அவள் சொல்கிற சரிதான் அது.

கிளம்பும் நாளில் விடிவதற்கு முன்பே டிராவலர் வண்டி வாசலில் வந்து நின்றது. டிரைவர் அஜீஷ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஆதிரா அறை முன்பதிவு, தரிசன நேரம், புரோகிதர் எண் எல்லாம் வரிசையாக வைத்த கோப்பை அஞ்சுவின் கையில் கொடுத்தாள்.

சரஸ்வதியம்மாள் அவளைப் பார்த்தாள். "நீ இன்னும் குளிக்கலியா?"

"நான் வரல்ல அத்தை."

"என்ன, தேதி வந்திட்டா?"

"இல்ல. ஏன் வரல்லன்னு அவங்க சொல்லுவாங்க. அஞ்சு நாள் இருக்குல்லா, நிதானமாச் சொல்லட்டும்."

எல்லோரும் பத்மகுமாரைப் பார்த்தார்கள். அவன் முன் கதவைத் திறந்து இருக்கையில் உட்கார்ந்து, "நேரமாச்சு. ஏறுங்க" என்றான். சரஸ்வதியம்மாள் வாசலில் நின்று, பரிகாரமே அவளுக்குத்தானே, அவள் இல்லாமல் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி வராவிட்டால் நாகப் பிரதிஷ்டையை அவன் மட்டும் செய்யலாமா என்று அஞ்சு போனில் ஜோசியரைக் கேட்டாள். ஆதிராவின் அம்மா வந்தால் போதும் என்று பதில் வந்தது. தாணுலிங்கம் ஏறுவதற்கு முன் ஆதிராவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ கேட்கப் போவது போல இருந்தது. பிறகு அவரும் ஏறிக்கொண்டார்.

அம்மா ஏற மாட்டாள் என்று ஆதிரா நம்பினாள். ஏழரை மணிக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பத்து மணிக்குக் குடும்பக் குரூப்பில் அஞ்சு போட்ட படம் வந்தது. சுசீந்திரம் கோபுர வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள். ஓரத்தில், ஆதிராவின் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டைக் கட்டிக்கொண்டு சொர்ணம்மாள் சிரிக்கிறாள்.

மறுபடி கூப்பிட்டபோது எடுத்தாள். "வண்டி வாசல்ல வந்து நின்னா எப்படி மக்கா வரல்லன்னு சொல்லுவேன்? நீயும் வரல்ல, நானும் போவலன்னா அவொ என்ன நெனப்பாவ?"

"சொன்னாங்களா அவங்க?"

"அவரு முன் சீட்ல இருக்காரு. ஒண்ணும் பேசல்ல. நீ வை, கூட்டமா இருக்கு."

இரண்டாம் நாள் உவரி. மண் சுமக்க ஆதிரா இல்லாததால் அதையும் சொர்ணம்மாளே சுமந்தாள். ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் ஏறுகிற படம் வந்தது. எட்டாவது பெட்டி என்று அஞ்சு எழுதியிருந்தாள். பதினொன்றும் முடித்தாளா என்று ஆதிரா கேட்கவில்லை. முடித்திருப்பாள்.

மூன்றாம் நாள் மதியம் வந்தது வீடியோ. சேதுக்கரைக் கடலில் அலை அதிகம் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் சொர்ணம்மாள் நிற்கிறாள். நரைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. புரோகிதர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடவுள் வாழ்த்துக்கு நிறுத்தும்போது வருகிற அதே உரத்த குரலில், "எங்க குடும்பத்தால இவொளுக்கு வந்த கொறைய நீக்கித் தரணும்" என்கிறாள். மூன்று முங்கு. பிறகு புரோகிதர் கரையைக் காட்ட, திரும்பி, கரையில் நின்ற சரஸ்வதியம்மாளையும் பத்மகுமாரையும் பார்த்துத் தலைக்கு மேல் கைகூப்புகிறாள். பத்மகுமார் தோர்த்துத் துண்டோடு நிற்கிறான். அவள் தள்ளாடிக் கரையேறியதும் அதைப் பிரித்து அவள் தோளில் போர்த்துகிறான். அஞ்சு ஒரு இதயம் போட்டு, "மருமகன்னா இப்படி இருக்கணும்" என்று எழுதியிருந்தாள்.

ஆதிரா அலுவலகப் படிக்கட்டில் போய் நின்று சரஸ்வதியம்மாளுக்குப் போன் செய்தாள். ஒரே மூச்சில் சொன்னாள். எந்தக் கிளினிக், என்ன தேதி, டாக்டர் என்ன சொன்னார், ரிப்போர்ட் அலமாரியில் அவனுடைய சான்றிதழ்களுக்குக் கீழே இருக்கிறது, எல்லாம்.

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ கோயில் பாயசம் வேண்டுமா என்று கேட்டார்கள். சரஸ்வதியம்மாள் நடந்து கொஞ்சம் தள்ளிப் போனது தெரிந்தது.

"இது சத்தியமா?"

"சத்தியம் அத்தை."

"சொர்ணத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சுமா முங்கினா?" அவள் குரல் முதல்தடவையாக உடைந்தது. ஆதிரா காத்திருந்தாள். அவள் அம்மாவுக்காக யாராவது ஒருவர் இன்று அழுதால் போதும் என்றுகூட நினைத்தாள். ஆனால் மறுபடி பேசும்போது சரஸ்வதியம்மாளின் குரல் நிதானமாகிவிட்டிருந்தது.

"சரி. நடந்தது நடந்து போச்சு. மாமாக்குத் தெரியாண்டாம், அவருக்கு நெஞ்சு வேதன உள்ளதாக்கும். நீயும் இனி ஆரட்டயும் சொல்லாண்டாம் மக்கா. நாங்க வந்து பேசலாம்."

அவர்கள் பயணத்தை முழுவதுமாக முடித்தார்கள். அவள் போட்ட பிளானில் ஒரு இடத்தைக்கூட விடவில்லை. தனுஷ்கோடியில் எடுத்த படங்களில் பத்மகுமார் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

அவர்கள் திரும்பி வருவதற்கு முன் ஆதிரா தன் துணிகளையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு தைக்காட்டில் வேலைபார்க்கும் பெண்களுக்கான ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ரிப்போர்ட்டைத் தொடவில்லை. பத்மகுமார் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தான். "அம்மைட்ட ஏன் சொன்ன? சத்தியம் பண்ணினல்லா?" என்று கேட்டான். அது ஒன்றைத்தான் கேட்டான். அவள் கவுன்ட்டரில் காத்திருந்தவர்களைக் காட்டி, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

கரமனையில் அவள் போனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளை பெற முடியாத பெண், வேண்டுதலுக்குக்கூட வர மறுத்தாள், பாவம் அந்தப் பையன், எவ்வளவு பொறுத்தான். சரஸ்வதியம்மாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. யாராவது சொன்னபோது மறுக்கவும் இல்லை. பிரிவுக்கான தாள்கள் பத்மகுமாரின் வக்கீலிடமிருந்து வந்தபோது அதில், வைத்தியத்துக்கு அவள் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொர்ணம்மாள் ஹாஸ்டலுக்கு வந்தாள். பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தாள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

பிறகு, "நீ அந்த வீட்டுல இருக்கணும்னுதானே மக்கா நான் முங்கினேன்" என்றாள். "இப்படி வந்து இருக்கதுக்கா?"

"உன்ன யாரும்மா முங்கச் சொன்னா?"

"ஆரு சொல்லணும்? அம்மை இல்லியா நான்."

அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆதிராவுக்கு இருந்தது. அந்த உரத்த குரலும் தலைக்கு மேல் கூப்பிய கையும் கண்ணுக்கு முன் வந்தன. கை எழவில்லை. "வா, பஸ் ஏத்தி விடுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் கூட்டம் குறைவாக இருந்தது. படியேறும்போது அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். ஆதிரா பின்னாலிருந்து அவள் இடுப்பைத் தாங்கி ஏற்றி, ஜன்னல் ஓரம் உட்கார வைத்தாள். இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றாள். சொர்ணம்மாள் முறுக்குப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். ஆதிரா வாங்கிக்கொண்டாள்.